ஒரு நாற்காலி போட்டால் போதாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் வாசகர் பக்கத்தில் நம் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். சந்திரயான்-3 நிலவில் பத்திரமாக இறங்கிவிட்டது, அப்புறம் ஆளை அனுப்ப மட்டும் இந்தியா ஏன் 2040 வரை காத்திருக்க வேண்டும், அதே கலத்தில் ஒரு நாற்காலி போட்டால் போதாதா என்று கேட்டிருந்தார். கேலிக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. அந்த நாற்காலி என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் சொன்னதை அப்படியே செய்து பார்த்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று அவரிடம் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. கடிதம் நீளமாகத்தான் வரும். இடம் போதாவிட்டால் கிரேன் கதைகளை வெட்டிக்கொள்ளுங்கள், நாற்காலியை விட்டுவிடுங்கள்.

எனக்கு வயது 68. தஞ்சோங் பகார் முனையத்தில் 31 ஆண்டுகள் கப்பல்களில் கண்டெய்னர் ஏற்றி இறக்கும் கிரேன் ஓட்டினேன். படிப்பு உயர்நிலை நான்கோடு சரி. விண்வெளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி என் பேரன் சொல்லிக்கொடுத்தது, மீதி நானாக விழுந்து எழுந்து கற்றது. விழுந்து என்பதை நீங்கள் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

போன ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் பேரன் எங்கள் தெலுக் பிளாங்கா வீட்டில் தங்கியிருந்தான். அப்போது உயர்நிலை மூன்று. கூடத்துக் கணினியில் பச்சை முகமும் முட்டைக் கண்ணுமாக இருந்த குட்டி மனிதர்களை ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்று பெயர் சொன்னான். மெக்சிகோவில் ஒரு நிறுவனம் செய்தது, 2011-இல் முதல் வடிவம் வந்து 2015-இல் முழு விளையாட்டாக வெளியானது. கெர்பின் என்று ஒரு கற்பனைக் கோள். பூமியின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஈர்ப்பு மட்டும் பூமி அளவே. அதற்கு இரண்டு நிலவுகள், பெரியதன் பெயர் ‘மன்’. என் மனைவி இன்றுவரை மண் என்றுதான் சொல்கிறாள், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

சுடுவது, வெட்டுவது எதுவும் இதில் கிடையாது. தொட்டி, இயந்திரம், கால், பாராசூட் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி ராக்கெட்டை நாமே கட்ட வேண்டும், நாமே ஓட்ட வேண்டும். கோள்களின் பெயர்கள்தான் கற்பனை, கணக்கு நியூட்டன் கணக்கு. எந்தப் பாகம் எப்போது எரிய வேண்டும், எப்போது கழல வேண்டும் என்ற வரிசையையும் நாமே அடுக்கி வைக்க வேண்டும். நான் அடுக்கிய முதல் ராக்கெட்டில் விசையைத் தட்டியதும் இயந்திரம் பற்றியது, கூடவே பாராசூட்டும் திறந்துகொண்டது. வேகம் ஏறியதும் பிய்ந்து பறந்தது. “வாசல்லயே குடைய விரிச்சிட்டீங்க தாத்தா” என்றான் பேரன்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

முதலில் சந்திரயான்-3 மாதிரியே ஆளில்லாத ஒரு கலம் கட்டினேன். ஆளுக்குப் பதில் 100 கிலோவில் ஒரு சின்ன மூளைப்பெட்டி. இறங்குவதற்கு மட்டும் எரிபொருள். அதன் தலையில் நாற்காலியைப் பொருத்தினேன். விளையாட்டில் நாற்காலி நிஜமாகவே இருக்கிறது. கலத்துக்கு வெளியே மாட்டும் திறந்த இருக்கை, ஸ்கூட்டர் சீட் மாதிரி, எடை 50 கிலோ. அதில் பாப் என்கிற குட்டி மனிதரை உட்காரவைத்து, கெர்பினின் காற்றைத் தாண்டும்வரை மூக்கு மூடியால் மூடி, அனுப்பினேன்.

மன்னில் அழகாக இறங்கினார். எழுந்து கொடி நட்டார். திரும்ப உட்கார்ந்தார். மானியைப் பார்த்தேன், தொட்டியில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. பாப் பக்கம் தப்பு எதுவும் இல்லை. அந்தக் கலத்துக்குத் திரும்பி வரும் வேலையே கிடையாது. சந்திரயான்-3-இன் இறங்குகலமான நிஜ விக்ரமும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 23 அன்று சிங்கப்பூர் நேரப்படி இரவு 8.34-க்கு இறங்கியது, நிலவின் ஒரு பகல்பொழுது, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு வாரம் வேலை செய்தது, இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதைத் தோல்வி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அதே பயணத்துக்கு என்ன பெயர் வைத்திருப்போம் என்று ஈசூன் நண்பர் யோசித்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது கலத்தில் தொட்டிகளைக் கூட்டினேன். பாப் இறங்கினார், ஏறினார், கெர்பினை நோக்கித் திரும்பினார். கெர்பினுக்கு 70 கிலோமீட்டர் உயரம் வரை காற்று உண்டு. மன்னிலிருந்து திரும்பும் கலம் அதற்குள் நுழையும்போது வேகம் நொடிக்கு 3,100 மீட்டருக்கு மேல். நிஜத்தில், நிலவுக்கு ஆள் போய்வந்த அப்போலோ கலங்கள் நொடிக்கு ஏறத்தாழ 11,000 மீட்டரில் நுழைந்தன. நாற்காலியில் இருக்கிறவருக்கு அந்த நெருப்பை மறைக்க என்ன இருக்கிறது? என்ன ஆகும் என்று பாதி தெரிந்துதான் அனுப்பினேன், ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பேரன் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்திருந்தேன், அதுவரை நல்லது.

மூன்றாவதில் நாற்காலியைக் கழற்றிவிட்டு மூடிய அறை வைத்தேன். ஒருவர் மட்டும் உட்காரும் சிறிய அறை 840 கிலோ. அதன் அடியில் வெப்பக் கவசம் 300 கிலோ. தலையில் பாராசூட் 100 கிலோ. ஆக 50 கிலோ நாற்காலி 1,240 கிலோ ஆகிவிட்டது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இந்த 1,240 கிலோவை மன்னில் இறக்கி, திரும்ப ஏற்றி, வீடு சேர்க்கிற எரிபொருளை கெர்பினின் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த எரிபொருளையும் தொட்டிகளையும் அங்கே ஏற்ற இன்னும் எரிபொருள். அதற்கு இன்னும் பெரிய தொட்டி. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராக இருந்த சியோல்கோவ்ஸ்கி 1903-இலேயே இந்தக் கணக்கை ஒரே சமன்பாட்டில் எழுதி வைத்துவிட்டார். வட்டிக்கு வட்டி போல என்று பேரனுக்கு நான் விளக்கினேன், அவன் அதைவிட நன்றாகச் சொன்னான்: “சோறு தூக்கிட்டுப் போற ஆளுக்கும் சோறு வேணும்ல தாத்தா.” நாற்காலி வைத்த என் முதல் ராக்கெட் ஏவுதளத்தில் 18 டன். மூடிய அறை வைத்து ஆளைத் திருப்பிக் கொண்டுவந்த ராக்கெட் 60 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. போனது அதே நிலவு, அதே பாப்.

நிஜக் கணக்கும் இதே ஜாதிதான். சந்திரயான்-3ஐத் தூக்கிய இந்திய ராக்கெட் 43.5 மீட்டர் உயரம், 640 டன், அது தூக்கிய சுமை 3,900 கிலோ. அப்போலோ 11-ஐத் தூக்கிய சாட்டர்ன் ஐந்து 110 மீட்டர் உயரம், ஏறத்தாழ 2,900 டன். அதில் கடைசியாகப் பசிபிக் கடலில் வந்து விழுந்தது ஐந்து டன் கூம்பு ஒன்றுதான். மற்றதெல்லாம் அந்தக் கூம்புக்குள் இருந்த மூன்று பேருக்காக வழியில் விட்டது.

இங்கே ஈசூன் நண்பருக்கு ஒரு செய்தி. நான் படித்து விழுந்து விழுந்து சிரித்த செய்தி. அப்போலோவின் இறங்குகலத்தில் நாற்காலியே கிடையாது! முதலில் வரைந்த படங்களில் இருந்தது. எடை ஏறிக்கொண்டே போனதும் பொறியாளர்கள் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தார்கள். ஆட்கள் நின்றுகொண்டே ஓட்டினார்கள். நின்றால் முகத்தை ஜன்னலுக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளலாம், அதனால் ஜன்னலும் சின்னதாகப் போதும், கண்ணாடியின் எடையும் குறையும். சுவரே சில இடங்களில் 0.3 மில்லிமீட்டர் கனம்தான். எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னின் தகரத்தை அழுத்திப் பார்த்தேன், அந்த நினைப்பே வயிற்றைக் கலக்கியது.

அந்த இறங்குகலம் அவ்வளவு இளைத்திருக்க முடிந்ததற்குக் காரணம், வெப்பக் கவசத்தையும் பாராசூட்டையும் அது கீழே கொண்டுபோகவில்லை. தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டே இருக்கும், சின்னக் கலம் மட்டும் பிரிந்து இறங்கி, ஏறி, மறுபடி அதோடு சேரும். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பூமியிலிருந்து 3,80,000 கிலோமீட்டர் தள்ளி இரண்டு கலங்களைச் சேர்ப்பதாவது என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள். 1961 நவம்பரில் அவர் தன் மேலதிகாரிகளையெல்லாம் தாண்டி நாசாவின் மேலிடத்துக்கே நேராக ஒரு கடிதம் எழுதினார். 1962-இல் அவர் சொன்ன வழியையே எடுத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதுகிறவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்லும் என் மருமகனுக்கு இந்தப் பத்தியைப் பேப்பரில் காட்டலாம் என்றிருக்கிறேன்.

நானும் அந்த வழியில் ஒன்று கட்டினேன். பிரிந்து இறங்குவது பரவாயில்லை, திரும்பச் சேர்வதுதான் உயிரை எடுத்தது. முதல் முறை மூன்று மணி நேரம் ஆயிற்று. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டக்கூடாது. கூட்டினால் நம் பாதை உயர்ந்து, சுற்றிவரும் நேரம் கூடி, இன்னும் பின்தங்கிப் போவோம். வேகத்தைக் குறைத்துக் கீழ்ப்பாதைக்கு இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். 34 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவனுக்கு இது கையில் ஏறவே ஏறாது. மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒன்று: 1965-இல் ஜெமினி 4 கலத்தில் நிஜ விண்வெளி வீரரே தன் ராக்கெட்டின் கழன்ற பகுதியை நோக்கி நேராக முடுக்கி, கிட்டே போக முடியாமல் விட்டுவிட்டார். ஆனால் கடைசி பத்து மீட்டர் எனக்கு எளிதாக இருந்தது. கண்டெய்னரின் நான்கு மூலைத் துளைகளிலும் ஸ்பிரெடர் என்கிற தூக்குச்சட்டத்தின் பூட்டுகளை விழவைத்த கை அல்லவா.

இப்போது உங்கள் மேல் ஒரு குறை. அதே கடிதத்துக்குப் பக்கத்தில் நிலவில் கலம் இறங்குவதற்கு ஒரு படம் போட்டிருந்தீர்கள். கலம் நேர்மேலேயிருந்து, கிணற்றில் வாளி இறங்குவதுபோல, செங்குத்தாக வருகிறது. அந்தக் கோடு தப்பு. ஈசூன் நண்பருக்கு வந்த எண்ணம் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கும் வருகிறது என்று நினைக்கிறேன்.

கிரேன் ஓட்டுநரின் கூண்டு தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் தொங்கும். அடியில் கண்ணாடி. நாள் முழுக்கக் குனிந்து கால்களுக்கு நடுவே பார்க்க வேண்டும், எனக்குக் கழுத்து வலி வந்ததும் அதில்தான். பெட்டி கயிற்றில் தொங்குகிறது. மேலே கயிற்றைத் தாங்கி ஓடும் டிராலி நின்றுவிட்டாலும் பெட்டி நிற்காது, போன வேகத்தில் ஆடும். பார்க்கிறவர்கள் பெட்டியை மேலும் கீழும் இறக்குவதுதான் வேலை என்று நினைப்பார்கள். அதைப் புதுப் பையன் இரண்டே நாளில் கற்றுக்கொள்வான். பக்கவாட்டு ஆட்டத்தைக் கொல்வதற்குத்தான் மாதக்கணக்கு. புதியவன் பெட்டி வலப்பக்கம் போனால் டிராலியை இடப்பக்கம் இழுப்பான், ஆட்டம் இன்னும் கூடும். பெட்டி போகிற பக்கமே டிராலியையும் கொண்டுபோய், அது உச்சத்தில் ஒரு கணம் தயங்கி நிற்கும்போது சரியாக அதன் தலைக்கு மேல் நிற்க வேண்டும். ஆட்டம் செத்துவிடும். ஆட்டத்தைப் பிடிக்கிறது என்போம்.

நிலவில் இறங்குவதும் கிட்டத்தட்ட முழுக்கப் பக்கவாட்டு வேலைதான். மன்னுக்கு மேல் 15 கிலோமீட்டரில் சுற்றும் என் கலம் நொடிக்கு 550 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது, கீழ்நோக்கி ஒன்றும் இல்லை. விக்ரம் 30 கிலோமீட்டர் உயரத்தில் தன் வேலையைத் தொடங்கியபோது நொடிக்கு 1,680 மீட்டர் வேகத்தில் நிலத்துக்கு இணையாகப் பறந்துகொண்டிருந்தது. காற்று இல்லை, பாராசூட்டுக்குப் பிடிமானம் இல்லை. கலம் ஏறக்குறையப் படுத்தபடி, போகும் திசைக்கு எதிராக இயந்திரத்தை எரித்து எரித்து, வேகம் சாகச் சாக மெல்ல நிமிர்ந்து, கடைசியில்தான் நேராக நிற்கிறது. ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதானே, மெதுவாகத்தானே விழும் என்பார்கள். விழுவது மெதுவாக இருக்கட்டும், குறுக்கே ஓடுகிற வேகத்தை யார் நிறுத்துவது?

சந்திரயான்-2 அந்த நிமிர்வதில்தான் தடுமாறியது. 2019 செப்டம்பரில், இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளின, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, அவ்வளவு வேகமாகத் திரும்ப அதன் மென்பொருளில் அனுமதி இல்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். சந்திரயான்-3-க்கு அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக்கினார்கள், நடு இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள், கால்களைப் பலப்படுத்தினார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பது உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் நிலவு மண் மாதிரி செய்து சோதித்தார்கள் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் மனைவியின் ஊர்ப்பக்கம். மண் என்று அவள் சொல்வதை நான் திருத்தாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன ஆண்டு என் முதல் கலம் மன்னில் கால் வைத்தபோது இறங்கும் வேகம் நொடிக்கு 2 மீட்டர், அருமை. பக்கவாட்டில் 4 மீட்டர் மிச்சமிருந்ததை நான் பார்க்கவில்லை. கால் ஊன்றியது, கலம் தயங்கியது, மரம் சாய்வதுபோல் சாய்ந்தது. உயரமாக, ஒல்லியாக, பார்க்க அழகாகக் கட்டியிருந்தேன். 2024-இல் ஒடிசியஸ் என்ற அமெரிக்கக் கலம் இப்படித்தான் பக்கவாட்டு வேகத்தோடு இறங்கிச் சாய்ந்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் அடுத்த கலமும் சாய்ந்தே கிடந்தது. ஆளில்லாத கலம் சாய்ந்தால் கருவிகள் கோணலாகக் கிடந்தபடி கொஞ்சம் வேலை செய்யும், செய்தன. ஆள் இருந்த கலம் சாய்ந்தால், அதுவேதானே திரும்பி ஏற வேண்டிய ராக்கெட்? அப்போலோ இறங்குகலத்தின் உயரம் 7 மீட்டர், கால் விரிப்பு 9 மீட்டருக்கும் மேல். தவளை மாதிரி அசிங்கமாக இருக்கும். இப்போது நான் கட்டுவதெல்லாம் தவளைகள்தான்.

ஒரு விஷயத்தில் ஆள் இருப்பது உதவும், அதையும் சொல்லிவிட வேண்டும். இராப்பணியில் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி இறங்கும்போது நான் பெட்டியைப் பார்ப்பதில்லை, அதன் நிழலைப் பார்ப்பேன். நிழலும் பெட்டியும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம்தான் என் மானி. மன்னில் இறங்கும்போது என் கை தானாக அதையே தேடியது. பிறகு படித்தால், அப்போலோக்காரர்களும் சூரியன் தாழ்ந்திருக்கும் காலை நேரமாகப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறார்கள், பள்ளமும் பாறையும் நிழலால் தெரியட்டும் என்று. கால்களுக்குக் கீழே 1.7 மீட்டர் நீளத்தில் குச்சிகள் வேறு, தரையைத் தொட்டதும் உள்ளே விளக்கு எரியும். 1969 ஜூலை 20 அன்று கணினி பாறைகள் நிறைந்த பள்ளத்தை நோக்கிக் கொண்டுபோனபோது ஆம்ஸ்ட்ராங் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையால் ஓட்டித் தாண்டினார். அவர் எங்கள் கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தால் ஒரு வாரத்தில் தேறியிருப்பார்.

கடைசியாக, விளையாட்டில் வரும் வாலன்டினா என்கிற குட்டிப் பெண்ணின் கதை. இது போன ஆண்டு நடந்தது.

மன்னில் முதன்முதலாகக் கவிழாமல் இறங்கிய நாள், அதில் போனது வாலன்டினா. நானும் பேரனும் எழுந்து நின்று கைதட்டினோம். அப்புறம்தான் பேரன் மானியைக் காட்டினான். இறங்க எவ்வளவு என்று கணக்குப் போட்டேனே தவிர, ஏற எவ்வளவு என்று போடவில்லை. இறங்க நொடிக்கு 580 மீட்டர் வேகத்தைக் கொல்ல வேண்டும் என்றால், ஏறிச் சுற்றுப்பாதையைப் பிடிக்க அதே 580, கெர்பினுக்குத் திரும்ப இன்னும் ஏறத்தாழ 300. என் தொட்டியில் 200-க்குத்தான் இருந்தது.

“பழைய இடத்துக்குத் திருப்பிடலாம் தாத்தா, ஒரு தட்டுதான்” என்றான். விளையாட்டில் அந்த வசதி உண்டு. எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க அதிபர் நிக்சனுக்கு, அப்போலோ 11-இன் இரண்டு பேரும் நிலவிலிருந்து ஏற முடியாமல் போனால் படிக்க ஓர் உரையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஏறும் இயந்திரம் ஒன்றே ஒன்று, அது பற்றாவிட்டால் மாற்று கிடையாது. அந்த உரையைப் பற்றிப் பேரனிடம் சொன்னேன். அவனும் அதற்கப்புறம் அந்தத் தட்டலைப் பற்றிப் பேசவில்லை.

ஆளில்லாமல், காலி இருக்கையோடு ஒரு மீட்புக் கலம் கட்டினோம். முதலாவது அவளிடமிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இறங்கியது. இரண்டாவது இரண்டு கிலோமீட்டருக்குள். வாலன்டினாவை நடக்கவைத்தேன். குறைந்த ஈர்ப்பில் தத்தித் தத்தி நடை. இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்று பார்த்தாள். “யாரு அது, எங்க போகுது தனியா?” என்றாள். சொன்னேன். தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “மொதல்ல அந்தப் புள்ளைய வீடு சேருங்க, அப்புறம் சாப்பிடலாம்.” கடலில் பாராசூட் விழுந்து நின்றபோது இரவு மணி பத்தே முக்கால்.

அன்றிலிருந்து நான் ராக்கெட்டைத் தலைகீழாகத்தான் கட்டுகிறேன். முதலில் பாராசூட்டும் கவசமும் அறையும். அப்புறம் அதைத் திருப்பிக் கொண்டுவர என்ன வேண்டும், அதை மன்னிலிருந்து ஏற்ற என்ன வேண்டும், அதை இறக்க, அதைக் கொண்டுபோக. ஏவுதளத்தில் நிற்கும் பெரிய இயந்திரம் கடைசியில்தான் வரும். சரக்குக் கலத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் கட்டலாம், ஆள் ஏறும் கலத்தை இப்படித்தான் கட்ட முடிகிறது.

துறைமுகத்தில் எங்களுக்கு இதே வித்தியாசம் உண்டு. அடுக்கிய கண்டெய்னர்களின் உச்சியில் கட்டு அவிழ்க்கும் லேஷிங் ஆட்களைச் சில சமயம் இரும்புக் கூண்டில் நிறுத்தி, அதே கிரேனால், அதே ஸ்பிரெடரால் தூக்குவோம். 40 டன் பெட்டி தூக்கும் கிரேனுக்கு நான்கு ஆட்கள் ஒரு எடையே இல்லை. ஆனால் கூண்டு மாட்டியதும் வேகம் வேறு, சரிபார்ப்பு வேறு, காற்று எவ்வளவு வரை போகலாம் என்பது வேறு. ஒரு விடியற்காலை சுமத்ரா காற்று, மழையோடு திடீரென்று அடிக்கிற பலத்த காற்று, கிளம்பியது. கூண்டில் நான்கு பேர், கப்பலின் மேலடுக்கில். கீழேயிருந்து வாக்கிடாக்கியில் சீக்கிரம் இறக்கு என்று சத்தம். மழை கண்ணாடியில் அடித்து நிழல் எல்லாம் போய்விட்டது. நான் சீக்கிரம் இறக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் பிடித்துப் பிடித்து, இரண்டு நிமிட வேலைக்குப் பதினோரு நிமிடம் எடுத்தேன். கீழே இறங்கியதும் அவர்களில் ஒருவர், பங்ளாதேஷ்காரர், மேலே என் கூண்டைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மற்ற மூன்று பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழைக்கு ஒதுங்க ஓடினார்கள்.

2040 தாமதமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். அதே கலம், ஒரு நாற்காலி என்பதற்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும், சொல்லிவிட்டேன். ஈசூன் நண்பர் விரும்பினால் ஒரு சனிக்கிழமை தெலுக் பிளாங்காவுக்கு வரட்டும், பாப்பை அவரே ஓட்டிப் பார்க்கலாம். அடுத்த முறை நீங்கள் நிலவுக்கு படம் போடும்போது அந்தக் கோட்டைச் சாய்த்துப் போடுங்கள், ஏறக்குறையப் படுக்கவே வைத்துவிடுங்கள், கடைசி நுனியில் மட்டும் நிமிரட்டும். பேரனுக்கு இந்த ஆண்டு ஓ-லெவல் எனப்படும் சாதாரண நிலைத் தேர்வு, அதனால் கூடத்துக் கணினி இப்போது என்னுடையது மட்டும். செவ்வாய் மாதிரி டூனா என்று ஒரு கோள் இருக்கிறது. தேர்வு முடியும்வரை அவன் இல்லாமல் அங்கே போகக்கூடாது என்று எனக்குத் தடை, திரும்பி வரும் கலத்தை மட்டும் வரைந்து வைக்கலாமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்,
தெலுக் பிளாங்கா